சர்க்கரைக்கு மட்டும் ஏன் இந்த யோகம்?

மேல்கையின் பின்பக்கம் ஒட்டிய அந்த வெள்ளை வட்டை இப்போது கல்யாண வீடுகளில்கூடப் பார்க்க முடிகிறது. பந்தியில் ஜாங்கிரி வைத்ததும் போனை எடுத்து ஒரு பார்வை; அப்புறம்தான் கை இலைக்குப் போகும். எண்ணைப் பார்த்த பிறகு ஜாங்கிரியை ஒதுக்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை, அது தனிக் கதை. அந்த வட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய இழை தோலுக்குள் சுமார் அரை சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். இரண்டு வாரம் அங்கேயே கிடந்து, குளித்தாலும் தூங்கினாலும், சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை பழைய உறவு. இப்போது கிட்னியும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஒரு நாள் லேபிலிருந்து வந்தவர், முழங்கையில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடியே கேட்டார்: "ஏம்ப்பா, சுகருக்கு ஒட்டுற மாதிரி உப்புக்கும் ஒண்ணு ஒட்டிவிட வேண்டியதுதானே? எதுக்கு மாசாமாசம் குத்திக் குத்தி ரத்தம் எடுக்கறாங்க?" உப்பு என்று அவர் சொன்னது கிரியேட்டினினை.

நியாயமான கேள்வி. ரத்தத்தில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் ஓடுகின்றன. அவற்றில் வீட்டில் இருந்தபடியே விடாமல் அளக்க முடிகிறவை எத்தனை? ஆக்சிஜனை அளக்க விரலில் கவ்வும் ஆக்சிமீட்டர் உண்டு. கொரோனா காலத்தில் அதை வாங்கி வைக்காத வீடு குறைவு. ஆனால் அது ரத்தத்தைத் தொடுவதே இல்லை. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கும்போது ஒரு நிறம், சுமக்காதபோது இன்னொரு நிறம். வெளிச்சத்தைப் பாய்ச்சி அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. உடலுக்குள் போய், குறிப்பிட்ட மூலக்கூறை அடையாளம் கண்டு அளக்கும் சென்சார் என்று பார்த்தால், பரவலாகக் கடையில் கிடைப்பது குளுக்கோஸுக்கு மட்டும்தான். கீட்டோனுக்கு ஒன்றிரண்டு எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கின்றன, அவையும் அதே வழியில் வந்தவை.

சர்க்கரை முடிந்தது, அடுத்தடுத்து எல்லாம் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குளுக்கோஸுக்கு அமைந்த யோகம் ரத்தத்தில் வேறு எதற்கும் அமையவில்லை. மற்றவற்றுக்கு முற்றிலும் வேறொரு பாதை வெட்ட வேண்டியிருந்தது. அந்தப் பாதை போய்ச் சேரும் இடமும் நம் மேல்கை இல்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

கதை ஆரம்பிப்பது லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கரிடம். 1950களில் அவர் இதய அறுவை சிகிச்சையின்போது உடலுக்கு வெளியே வைத்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஒரு ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. காரணம்: கருவியிலிருந்து வெளியே வரும் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளந்து காட்டவில்லை. அளக்க வழி இருந்தால்தானே அளப்பது? மனிதர் அந்த வழியையே கண்டுபிடித்தார். பிளாட்டினம் மின்முனையை ரத்தத்துக்குள் நேராக விட்டால் புரதங்கள் அப்பிக்கொண்டு சீக்கிரமே செயலிழந்துவிடும். அதனால் நடுவே ஒரு பிளாஸ்டிக் சவ்வை வைத்தார். ஆக்சிஜன் சவ்வைத் தாண்டி உள்ளே வரும், ரத்தச் செல்களும் புரதங்களும் வெளியே நின்றுவிடும். 1956இல் வெளியான அந்த ஆக்சிஜன் மின்முனைக்கு இன்றும் அவர் பெயர்தான். (இதே கிளார்க்தான் 1966இல் ஆக்சிஜன் நிரப்பிய ஒரு திரவத்துக்குள் எலியை முழுக்கி, அது அந்தத் திரவத்தையே சுவாசித்து உயிரோடு இருந்ததைக் காட்டியவர். ஒரே ஆள் எத்தனை வேலைதான் பார்ப்பார்!)

1962இல் அவரும் லயன்ஸ் என்பவரும் அடுத்த அடி வைத்தார்கள். அதே மின்முனையின் முன்னால் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைமை வைத்தார்கள். இந்த என்சைம் குளுக்கோஸைப் பிடித்து, ஆக்சிஜனைச் செலவழித்து, அதை வேறொன்றாக மாற்றும். எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறதோ அதற்கேற்ப ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜனை அளக்கத்தான் ஏற்கனவே கருவி இருக்கிறதே. உயிரியல் பொருள் ஒன்று அடையாளம் காண, மின்முனை அதை எண்ணாக மாற்றும் 'பயோசென்சார்' என்ற வகையே இங்கேதான் பிறந்தது. எனக்குப் பிடித்த விவரம் ஒன்று: இதய அறுவையின்போது தொடர்ந்து கண்காணிப்பதற்கான மின்முனைகள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே. ஆக, விடாமல் அளப்பது நேற்று வந்த யோசனை இல்லை. முதல் நாளே அதுதான் நோக்கம். விரல் நுனியைக் குத்தி ஸ்டிரிப்பில் ஒரு சொட்டு வைப்பது நடுவில் வந்து நிலைத்துப்போன வழி.

தொடர்ந்து அளக்கும் முயற்சி நடுவிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. 1970களில் பயோஸ்டேட்டர் என்று ஒரு யந்திரம் வந்தது. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நரம்பிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே சர்க்கரையை அளந்து, இன்சுலினையும் தானே செலுத்தும். ஆராய்ச்சிக்கு உதவியது, வீட்டுக்கு வர வழியில்லை. 1999இல் மினிமெட் நிறுவனத்தின் சென்சாருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தோலுக்கடியில் 3 நாள் இருக்கும், ஆனால் அணிந்தவருக்கு எண் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் கணினியில் இறக்கிப் பார்த்து, 'செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்களுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது' என்பார். 2001இல் குளுக்கோவாட்ச் வந்தது. லேசான மின்சாரம் பாய்ச்சித் தோலிலிருந்து திரவத்தை இழுத்து அளக்கும் கைக்கடிகாரம். பலருக்குத் தோல் சிவந்து எரிந்தது. அதிக நாள் நிலைக்கவில்லை.

உண்மையான திருப்பம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஹெல்லர் செய்தது. கிளார்க்கின் முறை ஆக்சிஜனை நம்பியிருக்கிறது. தோலுக்கடியில் ஆக்சிஜன் குறைவு, அதுவும் ஏறி இறங்கும். என்சைமிலிருந்து எலக்ட்ரான்களை நேரடியாக மின்முனைக்குக் கடத்தினால் ஆக்சிஜனை நம்பி இருக்க வேண்டாம் அல்லவா? ஆஸ்மியம் என்ற உலோகத்தின் சேர்மங்களைத் தாங்கிய ஒரு ஜெல்லுக்குள் என்சைமைப் புதைத்து, எலக்ட்ரான்கள் அந்த ஆஸ்மியம் அணுக்களில் கால்வைத்துத் தாவித் தாவிப் போகும்படி செய்தார். 1996இல் மகனோடு சேர்ந்து தெராசென்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2004இல் அபாட் அதை வாங்கியது. பத்து வருடம் கழித்து, 2014இல், ஐரோப்பாவில் ஃப்ரீஸ்டைல் லிப்ரே வந்தது. 14 நாள், விரலைக் குத்தி ஒத்துப்பார்க்கும் வேலை கிடையாது, தொழிற்சாலையிலேயே சரிபார்த்து வரும். நாம் கல்யாண வீட்டில் பார்க்கும் வட்டு இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே இருக்கும் திரவத்தைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அங்கே வந்து சேரப் பொதுவாக 5 முதல் 10 நிமிடம் ஆகும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது போன் காட்டுவது கொஞ்சம் பழைய செய்தி. படபடப்பும் வியர்வையும் வந்துவிட்டால் எண்ணை நம்பாமல் உடம்பை நம்புங்கள், விரலைக் குத்தியும் பாருங்கள். சென்சார் இருக்கும் பக்கமே ஒருக்களித்துப் படுத்தால், அழுத்தத்தில் அங்கே திரவ ஓட்டம் குறைந்து பொய்யாக 'லோ' காட்டும். நள்ளிரவில் அலாரம் அடித்து வீடே எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று மறுபடி படுத்த அனுபவம் பல வீடுகளில் இருக்கும். விட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்களில் சர்க்கரை நிஜத்தைவிடக் கூடுதலாகத் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் தாளில் இதெல்லாம் எழுதியிருக்கும். யார் படிக்கிறார்கள்?

சரி, யோகம் என்றேனே, அதற்கு வருவோம்.

முதலாவது, அளவு. வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 100 மி.கி. சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், உடம்பின் 5 லிட்டர் ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம், ஒரு டீஸ்பூன். இது கொஞ்சமாகத் தெரியலாம். அதே வெறும் வயிற்று ரத்தத்தில் ஒரு இன்சுலின் மூலக்கூறுக்குக் கிட்டத்தட்ட பத்துக் கோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கின்றன என்று சொன்னால் புரியும். ரத்தத்தில் இவ்வளவு தாராளமாக இருக்கும் பொருள்கள் சொற்பம். இரண்டாவது, என்சைம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஒரு கரும்பூஞ்சையிலிருந்து கிடைப்பது, ரொம்பவே உழைப்பாளி. முட்டை வெள்ளையைப் பொடியாக்கும் ஆலைகளில், நிறம் மாறாமல் இருக்க அதிலுள்ள சர்க்கரையை நீக்குவதற்கே இதை மூட்டைக் கணக்கில் பயன்படுத்துகிறார்கள். உடல் சூட்டில் இரண்டு வாரம் கிடந்தும் வேலை செய்யும், வேறு சர்க்கரைகளை ஏறெடுத்தும் பார்க்காது. மூன்றாவது, தோலடித் திரவத்தில் குளுக்கோஸ் அளவு ரத்தத்தைக் கொஞ்சம் தாமதமாகவேனும் ஒட்டிப் போகிறது. பெரிய புரதங்கள் அப்படிப் போவதில்லை. நாலாவது, சந்தை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் (INDIAB) ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் மட்டும் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இத்தனை பேர் வாங்குவார்கள் என்றால் முதலீட்டுக்குக் குறைவிருக்குமா?

இந்த நாலில் ஒன்றுகூட மற்ற பெரும்பாலான மூலக்கூறுகளுக்கு அமையவில்லை. முக்கியமாக அந்த என்சைம். ஒவ்வொரு பொருளுக்கும் அதை மட்டுமே தின்னும் ஒரு முரட்டு என்சைம் இயற்கையில் கிடைக்காது. கிரியேட்டினினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை என்சைம் வழியாக அளக்க மூன்று என்சைம்கள் அடுத்தடுத்து வேலை செய்ய வேண்டும். கடைசி என்சைமின் விளைவைத்தான் மின்முனை பார்க்கும். மூன்றும் சேர்ந்து உடலுக்குள் இரண்டு வாரம் சோர்ந்துபோகாமல் இருக்க வேண்டும்.

லேபில் மற்றவற்றை எப்படித்தான் அளக்கிறார்கள்? பலவற்றை ஆன்டிபாடி வைத்து. ஆன்டிபாடி தனக்குரிய மூலக்கூறைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு ரசாயனம் ஊற்றி, கழுவி, இன்னொன்று ஊற்றி, மறுபடி கழுவி, நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள். உடலுக்குள் யார் போய்க் கழுவுவது? அதைவிடப் பெரிய சிக்கல், பிடித்ததை அது விடாது. அளவு ஏறும்போது ஒழுங்காகக் காட்டும். இறங்கும்போது பிடித்ததை வைத்துக்கொண்டே பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். குறைந்த அளவில் இருப்பதைப் பிடிக்கக் கெட்டியான பிடி வேண்டும். இறங்குவதையும் உடனே காட்ட இளகிய பிடி வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்.

பிடிக்கவும் விடவும் தெரிந்த ஒரு பொருளுக்கான விதை 1990இல் விழுந்தது. அமெரிக்காவில் கொலராடோவில் லாரி கோல்டும் கிரெய்க் டூயெர்க்கும், பாஸ்டனில் ஆண்ட்ரூ எலிங்டனும் ஜாக் ஷோஸ்டாக்கும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்தார்கள். கண்டபடி எழுத்துகளை அடுக்கிய கோடிகோடி ஆர்.என்.ஏ. இழைகளை ஒரு குழாயில் போட்டு, வேண்டிய பொருளின் மீது ஓடவிட்டு, ஒட்டிக்கொண்டதை மட்டும் எடுத்துப் பெருக்கி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி எடுப்பது. பல சுற்றுக்குப் பிறகு அந்தப் பொருளை மட்டும் பிடிக்கும் இழைகள் மிஞ்சும். அவற்றுக்கு ஆப்டமர் என்று பெயர். டி.என்.ஏ.விலும் இதைச் செய்யலாம் என்று விரைவில் தெரிந்தது. என்சைம் இல்லாத பொருளுக்கும் இப்படி ஒரு பிடியைத் தயாரித்துக்கொள்ள முடியும் என்பதுதான் இதில் விசேஷம்.

இதை மின்முனையில் ஏற்றி சென்சாராக்கியது சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெவின் பிளாக்ஸ்கோவின் குழு. ஆரம்பத்தில் கூட இருந்தவர் ஆலன் ஹீகர், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குக்காக 2000இல் வேதியியல் நோபல் பெற்றவர். தங்க மின்முனையில் டி.என்.ஏ. இழையின் ஒரு முனையைக் கட்டிவிட வேண்டும். மறுமுனையில் மெத்திலீன் புளூ. ஆமாம், பள்ளிக்கூட லேபில் கன்னத்துச் செல்லுக்குச் சாயம் ஏற்றினோமே, அதே நீலம்தான். அதற்கு எலக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் தெரியும். மருந்து மூலக்கூறு வந்து உட்கார்ந்ததும் இழை தொட்டாற்சிணுங்கி மாதிரி மடங்கும், அது விலகியதும் விரியும். மடங்கும்போது நீலம் தங்கத்துக்குப் பக்கத்தில் வரும், எலக்ட்ரான் வேகமாகத் தாவும். விரியும்போது மெதுவாகும். அந்த வேகத்தை அளந்தால் மருந்தின் அளவு தெரிந்துவிடும்.

இதன் அழகு எனக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. எதையும் ஊற்ற வேண்டாம், கழுவ வேண்டாம். அளக்கப்படும் மூலக்கூறு செலவாவதும் இல்லை. வந்து உட்கார்ந்து எழுந்து போய்விடுகிறது. ரத்தத்தில் இருக்கும் ஆயிரம் குப்பைகள் மின்முனையில் வந்து மோதினாலும் இழை மடங்காது, அதனால் எண் பெரிதாக மாறாது. கிளார்க் சவ்வு போட்டுத் தடுத்ததை இவர்கள் இழையின் வடிவத்தாலேயே தடுக்கிறார்கள்.

2009இல் ரத்தச் சீரத்தில் ஒரு பொருளின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து காட்டினார்கள். பொருள் என்ன தெரியுமா? கொக்கெயின். அதற்குத்தான் அப்போது நன்றாக மடங்கும் ஆப்டமர் கையில் இருந்தது, வேறு உள்நோக்கம் ஒன்றும் இல்லை. 2013இல் டாம் சோவின் குழுவும் பிளாக்ஸ்கோவும் உயிருள்ள எலிகளின் ரத்தத்தில் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தையும் கானமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் மணிக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அப்போது ரத்தம் வெளியே ஒரு சிப் வழியாக ஓடியது. 2017இல் அந்த சிப்பும் போய்விட்டது. மெல்லிய தங்கக் கம்பியாக சென்சாரையே கழுத்து நரம்புக்குள் விட்டு, கூண்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கும் எலியிடமிருந்து சில விநாடிகளுக்கு ஓர் எண் வாங்கினார்கள்.

எந்தப் பொருள்களிலிருந்து இவர்கள் ஆரம்பித்தார்கள் என்று கவனியுங்கள். கொக்கெயினை விட்டால் எல்லாமே மருந்து. இது தற்செயல் இல்லை. மருந்து கொடுக்கும்போது ரத்தத்தில் அதன் செறிவு குளுக்கோஸைவிடச் சில நூறு அல்லது சில ஆயிரம் மடங்குதான் குறைவு. ஹார்மோன்களைப் போலக் கோடி மடங்கு இல்லை. இளகிய பிடி போதும், ஆகவே விடுவதும் வேகமாக நடக்கும். அதோடு மருந்தின் அளவு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது, மாறுவது தெரிந்தால் டாக்டர் உடனே எதையாவது செய்ய முடியும்.

சித்தப்பாவுக்கு நான் சொன்ன பதிலும் இந்தக் கடைசி வரிதான். கிட்னி நாள்பட்டுக் கெடும்போது கிரியேட்டினின் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நகரும். நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தால் ஒரே எண்ணை ஆயிரம் தடவை பார்க்கலாம், அவ்வளவுதான். கொலஸ்டராலும் அப்படியே. மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சிக்குத் தொடர் சென்சார் கேட்பதில் அர்த்தமே இல்லை. "அப்போ எனக்கு ஊசிதான்னு சொல்ற" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் கோபம்தான்.

விடாமல் அளக்க வேண்டிய பொருள் எது என்பதற்கு வேன்கோமைசினைப் போல நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத ஸ்டேஃபைலோகாக்கஸ் கிருமிக்கு ஐசியூவில் டிரிப்ஸில் ஏற்றும் மருந்து. குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் கிட்னியைக் கெடுக்கும். அந்த மருந்தை உடலிலிருந்து வெளியேற்றுவதும் அதே கிட்னிதான். கெட்டுக்கொண்டிருக்கும் கிட்னி மருந்தை மெதுவாக வெளியேற்றும், மருந்து தேங்கும், தேங்கிய மருந்து கிட்னியை இன்னும் கெடுக்கும். ஐசியூ நோயாளியின் கிட்னி காலையில் ஒரு மாதிரி, ராத்திரியில் ஒரு மாதிரி. 2020இல் அமெரிக்க மருத்துவ, மருந்தாளுநர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, அடுத்த டோஸுக்கு முன் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு நாள் முழுவதும் மருந்து உடலில் இருந்த மொத்த அளவைக் கணக்கிடச் சொல்கிறது. அதாவது வளைகோட்டுக்கு அடியில் உள்ள பரப்பு. ஆனால் கையில் இருப்பது ஒன்றிரண்டு புள்ளிகள். மீதி வளைகோட்டைக் கணினி ஊகித்து வரைகிறது.

முழு வளைகோட்டையும் சென்சாரே வரைந்து கொடுத்தால்? 2019இல் பிளாக்ஸ்கோ குழு எலிகளில் இதைச் செய்து காட்டியது. அளந்ததோடு நிற்கவில்லை. சென்சார் சொல்லும் எண்ணைப் பார்த்துப் பம்ப் தானாக வேகத்தைக் கூட்டிக் குறைத்து, வேன்கோமைசினை வேண்டிய அளவிலேயே நிறுத்தி வைத்தது. அதற்கு முன்பே, 2017இல், சோவின் குழு முயல்களில் டாக்சோரூபிசினுக்கு இப்படி ஒரு தானியங்கி வளையத்தை அமைத்திருந்தது. ஒரே டோஸைக் கொடுத்தாலும் உடம்புக்கு உடம்பு ரத்தத்தில் தங்கும் அளவு மாறுகிறது. எடையைப் பார்த்து டோஸ் எழுதும் நம் வழக்கம் எவ்வளவு தோராயமானது என்று இதைப் படிக்கும்போது உறுத்துகிறது.

மனிதரில்? லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2019இல் ஆரோக்கியமான 10 தன்னார்வலர்களின் தோலில் நுண்ணூசிப் பட்டையை ஒட்டிப் பெனிசிலின் அளவைத் தொடர்ந்து பார்த்தது. அவர்கள் பயன்படுத்தியது ஆப்டமர் அல்ல, என்சைம். எந்த என்சைம் தெரியுமா? பெனிசிலினை உடைத்துத் தப்பிக்கப் பாக்டீரியா தயாரிக்கும் பீட்டா-லாக்டமேஸ். எதிரியின் ஆயுதத்தையே பிடுங்கி அளவுகோலாக்கிவிட்டார்கள்.

இவ்வளவும் இருந்தும் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? ரத்தம் விடமாட்டேன் என்கிறது. சில மணி நேரத்தில் சென்சாரின் குரல் தளரத் தொடங்கும். புரதங்கள் வந்து அப்புகின்றன, இழைகளைத் தங்கத்தில் கட்டியிருக்கும் கந்தகப் பிணைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொள்கிறது, டி.என்.ஏ.வைக் கத்தரிக்கும் என்சைம்கள் வேறு ரத்தத்தில் சுற்றுகின்றன. இதைச் சமாளிக்க ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். ஒரே சென்சாரை இரண்டு வேறு அதிர்வெண்களில் அளப்பது. மருந்து கூடினால் ஒன்றில் சமிக்ஞை ஏறும், இன்னொன்றில் இறங்கும். சென்சார் தளர்ந்தாலோ இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தளர்ச்சி பெருமளவு அடிபட்டுப்போய் மருந்து மட்டும் மிஞ்சும். பள்ளிக் கணக்கு அளவு எளிமை. ஆனால் இது தளர்ச்சியை மறைக்கும், நிறுத்தாது.

நிறுத்துவதற்கு ஸ்டான்ஃபோர்டில் சோவின் குழு நம் குடலைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. குடலின் உட்சுவர் நாள் முழுக்க என்சைமிலும் பாக்டீரியாவிலும் ஊறினாலும் வேலை செய்கிறது. நுண்விரல்களுக்கு இடையே பதுங்கிய இடம், மேலே சளிப் படலம். அதே மாதிரி நுண்துளைகள் நிறைந்த தங்கத்துக்குள் ஆப்டமர்களைப் பதுக்கி, மேலே ஒரு காப்புப் பூச்சு பூசினார்கள். 2025இல் வெளியான முடிவு: எலியின் ரத்தக் குழாய்க்குள் ஒரு வாரம் கழித்தும் 60 சதவீதத்துக்கு மேல் சமிக்ஞை மிச்சம்.

புரதங்கள் பக்கமும் ஏதோ நகர்கிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஷானா கெல்லியின் குழு 2024 டிசம்பரில் வெளியிட்டது எனக்குச் சிரிப்பையும் வியப்பையும் சேர்த்தே தந்தது. பிடித்ததை விடவில்லையா? மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து உலுக்கி, பிடித்த புரதத்தை உதிரச் செய்துவிட்டு மறுபடி அளப்பது. எலிகளில் அழற்சிப் புரதங்களின் ஏற்ற இறக்கத்தை இப்படிப் பார்த்தார்கள். கெட்டியான பிடியா, இளகிய பிடியா என்ற பழைய வழக்கை இது பக்கவாட்டில் தாண்டிப் போகிறது.

இந்தத் துறையைப் பற்றிப் பேசும்போது எலிசபெத் ஹோம்ஸை விட முடியாது. ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் என்று ஏமாற்றி, 2022இல் 11 ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை வாங்கியவர். 2003இல் அவர் முதலில் காப்புரிமை கேட்டது சொட்டு ரத்தக் கருவிக்கு இல்லை. உடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை அளந்து, மருந்தையும் தானே கொடுக்கும் ஒரு பட்டைக்கு. யோசனை தவறில்லை, மேலே சொன்ன எலியும் முயலும் அதைத்தான் செய்தன. பத்து இருபது வருடம் ஒரே மின்முனையோடு மல்லுக்கட்டப் பொறுமை வேண்டும். அது காப்புரிமை விண்ணப்பத்தில் வராது.

இன்னொரு எச்சரிக்கையும். ஊசி இல்லாமல் சர்க்கரை அளக்கும் வாட்ச், மோதிரம் என்று சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கிறார்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் பகிரங்கமாகச் சொன்னது. வீட்டில் யாராவது அதை நம்பி இன்சுலின் போடுகிறார்களா என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

சர்க்கரை நோயே இல்லாதவர்கள் சென்சார் ஒட்டிக்கொள்ளும் மோகமும் கூடிவருகிறது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். இட்லி சாப்பிட்டதும் 140 காட்டியது என்று பதறுகிறவர்களிடம் எனக்குப் பெரிய அனுதாபம் இல்லை. ஆரோக்கியமான உடம்பில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், பிறகு இறங்கும்.

அடுத்த சென்சார் முதலில் வரும் இடம் ஐசியூ என்பது என் ஊகம். அங்கே நோயாளியின் நரம்பில் ஏற்கனவே ஒரு குழாய் இருக்கிறது, புதிதாகத் துளைக்க வேண்டாம். நர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறார், சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்து லேபோடு ஒத்துப்பார்க்கலாம். சென்சார் 14 நாள் தாங்க வேண்டியதில்லை, மூன்று நான்கு நாள் போதும், மாற்றிக்கொள்ளலாம். ஒரு வாரம் தாங்கிய எலி சென்சாருக்கு அது எட்டாத தூரம் இல்லை. ஆனால் எலியின் ஒரு வாரத்துக்கும் மனிதரின் நான்கு நாளுக்கும் நடுவே கிருமி நீக்கம், தொழிற்சாலையிலேயே சரிபார்ப்பு, குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் பார்த்துக்கொள்வது என்று நிறைய வேலை இருக்கிறது. தொழிற்சாலையிலேயே சரிபார்த்த சென்சார் குளுக்கோஸுக்கே 2014இல்தான் வந்தது என்று மேலே பார்த்தோம்.

இதைப் படிப்பவர்களில் ஐசியூவில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் ஒன்று கேட்க வேண்டும். வேன்கோமைசின் லெவல் அனுப்பினால் உங்கள் இடத்தில் ரிப்போர்ட் எத்தனை மணி நேரத்தில் வருகிறது? அது வருவதற்குள் அடுத்த டோஸ் போய்விடுகிறதா, நிறுத்தி வைப்பீர்களா? ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், நேரம் மட்டும் சொன்னால் போதும்.